கையெழுத்து வைக்குமட்டும்

இரண்டாவது கரண்டித் தேத்தண்ணியும் கடைவாயால் வழிந்து தலையணையில் இறங்கியபோதுதான் கஜந்தினிக்கு விளங்கியது. முதல் கரண்டி வழிந்தபோது அப்பா வழக்கம்போல அடம்பிடிக்கிறார் என்றுதான் நினைத்தாள். "வாயைத் திறவுங்கோவன், அம்மா வெளிக்கிட முன்னம் குடிச்சு முடியுங்கோ" என்று அதட்டியும் இருந்தாள். செத்த மனுசனை அதட்டியிருக்கிறாள், பாவி. கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு அவருடைய நெஞ்சில் கையை வைத்தாள். மூக்கடியில் விரலை வைத்தாள். நம்ப மனமில்லாமல் திரும்பவும் நெஞ்சில் வைத்தாள். அப்பா பஞ்சலிங்கம் விடிய முன்னமே போய்விட்டிருந்தார்.

"ஐயோ" என்று ஒரு சத்தம் அவளுடைய தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கினாள். அம்மா கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். வாளி கிணற்றுக்கட்டில் இடிபடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்றைக்கு அம்மா வழக்குப் போடக் கோட்டுக்குப் போகவேண்டும். இன்றைக்கு விட்டால் பிறகு இல்லை.

ரெண்டு வருசத்துக்கு முன்னம், தம்பி ஜெயரூபன் சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டுச் சண்டிலிப்பாய்க்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று பின்னால் வந்து அடித்துக் கொன்றுவிட்டது. தோட்டத்தையும் வீட்டையும் தாங்கியவன் அவன் ஒருவன்தான். அவனுடைய முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு அப்பாவைப் பாரிசவாதம் விழுத்தியது. வலப்பக்கம் முழுதும் போய், வாயும் கோணி, மனுசன் கட்டிலோடு கட்டிலானார். டிப்பர் முதலாளியின் ஆள் அப்பப்ப அப்பிள் பையோடு வந்து, "கோடு கச்சேரி எண்டு ஏன் அலையிறியள் அம்மா? பெரியவர் பாத்துச் செய்வார்" என்று தேன் ஒழுகக் கதைத்துவிட்டுப் போவான். அம்மாவுக்கு அது வசதியாகவும் இருந்தது. வழக்கென்ற பேச்சே அவளுக்குப் பிடிக்காது. "பெத்த பிள்ளைக்கு நான் விலை பேசுறதோ?" என்பாள்.

விடாமல் நின்றவர் அப்பாதான். மிச்சமிருந்த இடக்கையால் கட்டிலில் அடித்து அடித்து, குழறுகிற வாயால் "வழக்கு, வழக்கு" என்று சொல்லிச் சொல்லி, போன மாதம் அம்மாவை லோயர் சுபாஜினியிடம் அனுப்பிவைத்தார். ரெண்டு வருசத்துக்குள் போடவேண்டும் என்று லோயர் சொன்னார். அம்மாவும் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து, ரெண்டாம் வருசத் திவசத்துக்கு முதல்நாள் போய்க் கையெழுத்து வைக்கலாம் என்று இருந்துவிட்டாள். திவசம் திதிப்படி அடுத்த கிழமைதான் வருகிறது. அம்மாவின் கணக்கில் பிள்ளை போய் இன்னும் ரெண்டு வருசம் முடியவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? அந்த ஊரில் செத்தவர்களுக்கு வேறு கணக்கே கிடையாது.

நேற்றுப் பின்னேரம் தம்பியின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கையில் எடுத்த லோயர் போனில் கத்தாத குறை.

"அம்மா, கோட்டிலை திதி எடுபடாது. கலண்டர்த் திகதிதான். நாளையோடை முடியுது! நான் இரவிரவா வழக்குக் கடதாசியை அடிச்சு வைக்கிறன். காலமை மல்லாகம் கோட்டுக்கு வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்து வையுங்கோ. கோட்டுக் கந்தோர் பூட்ட முன்னம் குடுத்திடவேணும்."

"அம்மாவுக்குப் பதிலா நான் வந்து வைக்கேலாதோ?" என்று கஜந்தினி கேட்டாள். சகோதரத்துக்கு உரிமை இல்லையாம். பிள்ளையின் உழைப்பில் சீவித்த பெற்றவர்கள்தான் கேட்கலாமாம். அப்பாவால் எழும்பவும் ஏலாது, எழுதவும் ஏலாது. ஆக, அம்மா ஒருத்திதான்.

அந்த அம்மா இப்போது தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வரப்போகிறாள். "அப்பா போட்டார்" என்று வாய் திறந்தால் அந்த நிமிசத்திலிருந்து அவள் புருசனை இழந்தவள். முப்பத்தொன்றாம் நாள் கழியுமட்டும் வீட்டுப் படலை தாண்டமாட்டாள். லோயர் என்ன, கடவுளே வந்து கூப்பிட்டாலும் மாட்டாள். பிணம் கிடக்கக் கோட்டுக்குப் போனவள் என்று ஊர் சாகுமட்டும் சொல்லும். தம்பியை அடித்தவன் இன்னொரு அப்பிள் பையோடு செத்த வீட்டுக்கும் வந்து நிற்பான்.

கஜந்தினி தன் சட்டைக் கரையால் அப்பாவின் நாடியில் வழிந்த தேத்தண்ணியைத் துடைத்தாள். பாதி திறந்திருந்த கண்ணை உள்ளங்கையால் மூடினாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். 

அம்மா மீனாம்பிகை நல்ல சேலை ஒன்று உடுத்து, நெற்றியில் குங்குமம் வட்டமாக வைத்து, அறை வாசலில் வந்து நின்றாள்.

"விடியத்தான் கண்ணயர்ந்தவர். எழுப்பாதேங்கோ, அம்மா."

"தேத்தண்ணி?"

"குடிச்சவர்."

வாசற்படியில் நின்றபடியே அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சாருங்கோ, நான் போட்டு வாறன்."

எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவாள். அவரும் ஒரு உறுமலாவது உறுமுவார். இன்றைக்கு அதுவும் இல்லை. கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள்.  வெளியே ஓட்டோக்காரன் கனகலிங்கம் பாம் பாம் என்று கோணை அமத்தினான்.

"நல்ல நித்திரை. கிடக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மா இறங்கிப் போனாள். ஓட்டோச் சத்தம் ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. கஜந்தினி அறைக் கதவைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்து, துவாயை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தம் போட்டால் ஊர் வந்துவிடும். ஊர் வந்தால் அம்மாவுக்குப் போன் போய்விடும். பெற்ற தகப்பனுக்கு வாய்விட்டு அழக்கூட விதியில்லை என்று நினைக்க நினைக்க இன்னும் பொங்கிக்கொண்டு வந்தது.

அவள் மறந்துபோன ஆள் ஒருவர் இருந்தார். பக்கத்துத் தோட்டத்துச் செல்வரட்ணம். அப்பா விழுந்த நாளிலிருந்து காலமையில் பேப்பரோடு வந்து, கட்டிலடியில் கதிரையைப் போட்டு, சத்தமாக வாசித்துக் காட்டுவார். முதலில் மரண அறிவித்தல். "எங்களை முந்திப் போனவங்கள் ஆர் எண்டு பாப்பம், மச்சான்" என்பார். அப்பா கோணின வாயால் சிரிப்பார்.

படலைச் சத்தம் கேட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா நித்திரை, மாமா. பேந்து வாங்கோவன்."

"நித்திரையோ? நான் வாசிக்கத்தானே உவனுக்கு நித்திரையே வாறது" என்று சிரித்துக்கொண்டு மனுசன் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் தள்ளினார்.

போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கால் விரல்களைப் பகிடியாகப் பிடித்து ஆட்டப்போனவர் அப்படியே நின்றார். கஜந்தினி பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

"எப்ப, பிள்ளை?"

"விடிய முன்னம்."

"கொம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. மல்லாகத்துக்குப் போட்டா."  "கையெழுத்து வைக்குமட்டும், மாமா. அதுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அவர் ஏசவில்லை. நல்ல காரியம் செய்தாய் என்றும் சொல்லவில்லை. வழக்கு, வழக்கு என்று அப்பா கட்டிலில் அடித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். வேலிக்கு அங்கால் அயல் வீட்டுக்காரி முற்றம் கூட்டிக்கொண்டு, "என்ன செல்வரட்ணம் அண்ணை, இண்டைக்கு வாசிப்பைக் காணேல்லை?" என்று கேட்டாள்.

செல்வரட்ணம் கதிரையை இழுத்துப் போட்டார். கண்ணாடியை மாட்டினார். மரண அறிவித்தல் பக்கத்தைக் கண்டதும் அதை மட்டும் அவசரமாகத் திருப்பினார்.

"வெங்காயம் விலை ஏறியிருக்காம், மச்சான்!" வேலிக்கு அங்கால் கேட்கிற குரலில் வாசித்தார். "கேக்குதோ? இந்த முறை நட்டவன் பிழைச்சான்." பிறகு மழை வருமென்ற செய்தி. பிறகு எந்தத் தேசத்திலோ தேர்தல். கண்ணாடிக்குக் கீழால் கண்ணீர் ஓடிப் பேப்பரில் விழுந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் ஒரு இடத்திலும் தளரவில்லை. கடைசிப் பக்கத்து விளையாட்டுச் செய்தி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் மடித்தார். வீட்டுக்குப் போகாமல் விறாந்தையிலேயே இருந்து, வந்த ஒன்றிரண்டு பேரையும் அங்கேயே கதை கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

மத்தியானம் லோயர் போன் எடுத்தார். "பேர் ஒண்டு பிழையா அடிபட்டிட்டுது, திருப்பி அடிக்கினம். பயப்படாதேங்கோ, குடுத்திடலாம். அம்மாதான் அந்தரப்படுறா. அப்பா எழும்பிட்டாரோ, ஏதும் குடிச்சவரோ எண்டு கேக்கச் சொன்னவ."

கஜந்தினி திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். "ஓம். எழும்பிப் பால் குடிச்சவர் எண்டு சொல்லுங்கோ" என்றாள். எப்படித்தான் அந்த வாயிலிருந்து அது வந்ததோ!

வெயில் சரிகிற நேரம் ஓட்டோ வந்து நின்றது. மீனாம்பிகை செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அரைவாசி ஓட்டமாக வந்தாள். "குடுத்தாச்சு!" ரெண்டு வருசமாக அப்படி ஒரு வெளிச்சத்தை அந்த முகத்தில் கஜந்தினி கண்டதில்லை. தடுக்க அவள் வாயெடுக்க முன்னம் அம்மா நேரே அறைக்குள் போய்க் கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, குடுத்தாச்சு. கந்தோர்ப் பெடியன் சீல் குத்தினதை என்ரை கண்ணாலை பாத்தனான். இனி உவங்கள் ஒளிச்சோடேலாது. கேக்குதோ?" என்று சொல்லிக்கொண்டே அவருடைய நெற்றியில் கையை வைத்தாள்.

வைத்த கை அங்கேயே இருந்தது. வெகுநேரம் இருந்தது.

"பால் குடிச்சவர் எண்டு சொன்னியேடி" என்றாள், திரும்பாமல்.

"அம்மா..." கஜந்தினி அவளுடைய காலடியில் விழுந்தாள். "சொன்னா நீங்கள் போயிருக்கமாட்டியள், அம்மா."

"எப்ப?"

"விடிய முன்னம்."

"அப்ப நான் போட்டு வாறன் எண்டு சொல்லேக்கை..." அம்மா அதை முடிக்கவில்லை. எழும்பி, மகளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே அவளை இழுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அங்கை கேட்டவையடி. சத்தியக்கடதாசியை வாசிச்சுப்போட்டு, புருசன் இருக்கிறாரோ அம்மா எண்டு கேட்டவை. ஓம் ஐயா, வீட்டிலை இருக்கிறார் எண்டு சொன்னன். சத்தியம் பண்ணிக் குடுத்திட்டு வந்திருக்கிறன்."

 இதைக் கஜந்தினி யோசிக்கவே இல்லை. இத்தனை பொய்யும் சொல்லி, அந்த ஒரு சொல்லால் வழக்கு விழுந்துவிட்டால்? வாசலில் நின்ற செல்வரட்ணம், "தெரியாமல் சொன்னது, தங்கச்சி" என்று தொடங்கினார். அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். புருசனின் முகத்தைச் சுவர்ப் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். கழுத்து விறைத்திருந்தது, திரும்பவில்லை. அந்தப் பக்கமாகக் குனிந்து அவரைப் பார்த்தாள்.

"இனி அழு, பிள்ளை" என்றாள். "இப்ப அழலாம்."

காலமையிலிருந்து அடைபட்டுக் கிடந்த ஓலம் அப்போதுதான் அந்த வீட்டிலிருந்து கிளம்பியது. வேலிக்கு அங்கால் விளக்குமாறு விழுந்த சத்தம் கேட்டது. ஒழுங்கை முழுதும் திரண்டு வந்தது.

குளிப்பாட்ட வந்த இளந்தாரிகளைச் செல்வரட்ணம் உள்ளே விடவில்லை. "நானும் கனகலிங்கமும் காணும். நீங்கள் போய்ப் பந்தலைப் பாருங்கோ" என்று கலைத்துவிட்டார். விறைத்திருந்த இடக்கையை மடக்க முடியாமல் கனகலிங்கம் ஒருதரம் நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தான். அவரும் அவனைப் பார்த்தார். கனகலிங்கம் ஒன்றும் கேட்காமல் தண்ணீரை அள்ளி வார்த்தான்.

"எப்ப மோசம் போனவர்?" என்று முதலில் கேட்டவள் அயல் வீட்டுக்காரிதான். கஜந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். 

அம்மா சொன்னாள். "நான் வந்தாப்பிறகுதான். வழக்குக் குடுத்தாச்சு எண்டு சொன்னன், கேட்டுப்போட்டுத்தான் போனவர்."

கஜந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. குளிப்பாட்டி ஈரக்கையோடு நின்ற செல்வரட்ணம், "ஓமோம். காலமை நான் வாசிக்கேக்கையும் பேசாமல் கேட்டுக்கொண்டுதானே கிடந்தவன்" என்றார். காலமை வேலிக்கு அங்கால் நின்று வாசிப்பைக் கேட்டவளும் ஓம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு கேட்ட ஒவ்வொருவருக்கும் அம்மா அதையே சொன்னாள். மனைவி வருமட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தார் பார் என்று சனம் தங்களுக்குள் கதைத்தது.

பொழுதுபடுகிற நேரம் அப்பாவின் தங்கை கரவெட்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். படலையிலிருந்தே குழறிக்கொண்டு வந்து தமையனின் காலைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது களைத்தபிறகு அண்ணியின் பக்கத்தில் நெருங்கி இருந்தாள்.

"மச்சாள், நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். அண்ணை கடைசியா என்ன சொன்னவர்?"

சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்த கஜந்தினியின் கை நின்றுபோனது. அம்மா, துணியால் நாடி கட்டியிருந்த அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"வந்திட்டியோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், மச்சாள்?"

"ஓம், வந்திட்டன் எண்டு சொன்னன்."

சொல்லிவிட்டு, சரியாகவே கிடந்த அவருடைய வேட்டிக் கரையைத் திரும்பவும் இழுத்துச் சரிசெய்தாள்.