பெரியவனா, சின்னவனா

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை நான் திருடியது. மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ரெண்டு பசங்கக்கா. அரசியல்னு வந்தா ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க மாட்டான். ஆனா கயித்துல முடிச்சு போடச் சொல்லுங்க, ரெண்டும் அச்சு அசலா என்னை மாதிரியே போடும்."

அவ்வளவுதான் அவளுடையது. மீதியெல்லாம் என் கற்பனை. பாவமும் என்னுடையது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "தபால் பிரிக்கும் கூடத்தில், காலை பத்தே காலுக்கு

வேண்டாம். வெடியில் தொடங்கினால் கடைசிவரை வெடியை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

இரண்டாவது முயற்சி: அம்மா ஒரு கிடங்கில் பார்சல் கட்டுகிறவள். கதவிடுக்கில் நசுங்கிய நாளிலிருந்து வலது கட்டைவிரல் மடங்காது. அதனால் அவளாகவே ஒரு முடிச்சைக் கண்டுபிடித்தாள்: மூன்று சுற்று, உள்ளே ஒரு மடிப்பு, பல்லால் கடித்து ஓர் இழுப்பு. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை வார் அறுந்தபோது இருவருக்கும் அதையே கற்றுக்கொடுத்தாள். உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அது தெரியும். (இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கண்ணுகளா.)

3

பெரியவன் டியூஷன் எடுக்கிறான். ஏழைகளின் ஆட்சி துப்பாக்கி முனையில்தான் வரும் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். சின்னவன் செல்போன் பழுது பார்க்கிறான். வந்தேறிகளை விரட்டினால்தான் இந்த மண் உருப்படும் என்கிற கூட்டம் அவனுடையது.

"ஏன்டா, உன் கொடிக்கம்புக்கு யாரு செலவு? உங்க முதலாளியா?"

"உன் கொள்கையை எழுதினவன் எந்த ஊர்க்காரன்னு முதல்ல சொல்லு, அப்புறம் பேசலாம்."

"நாட்டைத் திருத்துறது அப்புறம் இருக்கட்டும்" என்றாள் அம்மா. "பத்து நாளா குழாய் ஒழுகுது. யாராச்சும் ஒருத்தன் அதைத் திருத்துங்க."

பெரியவனுக்காக ஒரு வசனம் எழுதினேன்: "பெரிய காரியம் நடக்கும்போது நாலு பேர் சாகத்தான்மா செய்வாங்க." கை தவறி அதைச் சின்னவன் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

(சனிக்கிழமைகளில் நூலகத்தில் என் கதைகளை வாசித்துக் காட்டுவேன். இந்த இடத்தில் கடைசி வரிசை ஐயா கோபித்துக்கொண்டார்: "ரெண்டையும் ஒண்ணுன்னு எப்படிம்மா சொல்றீங்க?" ஒன்றில்லை ஐயா. ஒருவன் பசியைப் பற்றிப் பேசுகிறான், ஒருவன் மண்ணைப் பற்றி. ஆனால் அந்த நாலு பேரிடம் போய் வித்தியாசத்தை யார் விளக்குவது?)

4

தபால் கூடத்துக்கு இரண்டு பார்சல்கள் வந்தன. ஒன்று, தபால் பிரிப்பவளின் கையிலேயே வெடித்தது. கூடத்தில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிறவள் அவள். அங்கேயே இறந்தாள். மற்றது வெடிக்கவில்லை. அதைக் கட்டியிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு போலீஸ் அதிகாரி ஒவ்வொரு கிடங்காகப் போனார். அம்மாவின் மேஜைக்கும் வந்தார்.

"இந்த முடிச்சு தெரியுதாம்மா?"

மூன்று சுற்று. மடிப்பு. நுனியில் பல் பதிந்த தடம்.

"எங்க கிடங்குல எல்லாரும் இப்படித்தான் சார் கட்டுவோம்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாய் முந்திக்கொண்டது. அன்று மாலையே அந்தக் கிடங்கில் வேலை செய்யும் ஒருவனைக் கூட்டிப்போனார்கள். அம்மாவுடைய எதிர்மேஜைக்காரியின் தம்பி; எப்போதோ ஓர் ஊர்வலத்தில் நடந்தவன்.

"அக்கா, அவனுக்குத் தன் ஷூ லேஸே கட்டத் தெரியாது" என்று எதிர்மேஜைக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களாச்சும் வந்து சொல்லுங்கக்கா."

வீட்டுக்கு வந்து அம்மா கேட்டாள்: "யாருடா?"

"அவனுங்க வேலைதான்மா" என்றான் பெரியவன். "அவனுங்க வேலைதான்மா" என்றான் சின்னவன்.

5

முடிவுகள். பெரியவன்தான் என்று ஒரு சனிக்கிழமை முடித்து வாசித்தேன். நூலகத்தில் பாதிப்பேர் அப்பாடா என்று மூச்சுவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை சின்னவன் என்று மாற்றினேன். மூச்சுவிட்டது மற்றப் பாதி. இறந்தவளுக்குக் குழந்தைகள் உண்டா என்று இரண்டு வாரமும் ஒருவரும் கேட்கவில்லை.

உங்களைக் குறை சொல்லவில்லை, கண்ணுகளா. அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரம் எனக்கும் மூச்சு லேசாயிற்று. எந்த வாரம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அம்மா கடைசிவரை வாயே திறக்கவில்லை என்றும் ஒரு முடிவு எழுதினேன். எதிர்மேஜைக்காரியின் முகம் குறுக்கே வந்தது. அந்த முடிவை அடித்துவிட்டேன்.

6

ஆகவே இவ்வளவுதான் மிச்சம். ஐந்தாம் நாள் அம்மா தானாகவே காவல் நிலையத்துக்குப் போனாள். வெளியே பெஞ்சில் எதிர்மேஜைக்காரி, தம்பிக்கு மாற்றுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"சார், நான் பொய் சொல்லிட்டேன். அந்த முடிச்சு எங்க வீட்டுது."

"வீட்டுல யாரு போட்டது?"

"ரெண்டு பசங்களுக்கும் தெரியும் சார். யாருன்னு எனக்குத் தெரியலை. சத்தியமா தெரியலை."

"பெத்தவங்க, உங்களுக்குத் தோணாமலா இருக்கும்? ஒரு பேரைச் சொல்லுங்க. இந்தப் பையனை இப்பவே விட்டுடறேன்."

அம்மா மடங்காத கட்டைவிரலைப் பார்த்தாள்.

"சார், என்

இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒரே ஒரு சொல் பாக்கி, அதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். யார் என்று அவளுக்குத் தெரியாது. எழுதிய எனக்கும் தெரியாது. ஆனால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது, இல்லையா? மூன்றாம் பகுதியிலேயே கிடைத்துவிட்டது. அப்போது யாரும் செத்திருக்கக்கூட இல்லை.