ஒரு தம்ளர் குறைவு

மார்ச் 12, புதன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். பால் நேரத்துக்கு முன்பு பச்சைத் தம்ளரை என் பைக்குள் ஒளித்து வைத்தேன்.

காரணம் இருந்தது. இந்த மழலையர் வகுப்பில் நான் துணை ஆசிரியை. மாலையில் நானும் ஒரு வகுப்புக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெறுகிறேன். நேற்றைய பாடம் இது: கணக்கைச் சொல்லிக் கொடுக்காதே, விளையாட்டாக ஒன்றைக் குறைத்து வை, பிள்ளைகள் தாமாகவே எண்ணுவார்கள். கேட்டதுமே எனக்குக் கட்டெறும்பின் ஞாபகம்தான் வந்தது.

கட்டெறும்பு என்பது வகுப்பில் ஒரு சிறுமிக்கு நாங்கள் வைத்த பெயர். எப்போதும் எதையாவது தூக்கிக்கொண்டு போவாள். தம்ளர் வைப்பது அவள் வேலை. எண்ணச் சொன்னால், "அஞ்சு, ஆறு, எட்டு, பதினொண்ணு" என்று தாவுவாள். ஆனால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு, "உனக்கு, உனக்கு" என்று வைத்துக்கொண்டே போனால் ஒருவருக்கும் விடுபடாது. அதையும் கணக்கு என்று சொல்லலாமா? அவளை மேல் வகுப்புக்கு அனுப்பலாமா, இன்னொரு வருடம் இங்கேயே வைக்கலாமா என்று பெரிய டீச்சர் என்னிடம் கேட்டிருந்தார். குத்துமதிப்பாகப் பதில் சொல்ல எனக்குப் பயம். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

வழக்கம்போல வைத்துக்கொண்டு வந்தாள். கடைசியில் தன் நாற்காலிக்கு முன்னால் வெறுங்கையோடு நின்றாள். அலமாரியைப் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எந்தச் சண்டையானாலும் தீர்ப்புச் சொல்ல முதல் ஆளாக வந்து நிற்பதால் 'பஞ்சாயத்து' என்று பெயர் வாங்கிய பிள்ளை அவளை விடவில்லை. "உன் தம்ளர் எங்கடி?"

"எனக்குத் தாகமே இல்ல."

"பொய்யி. நேத்து என்னோடதையும் சேத்துக் குடிச்சே!"

"இன்னிக்கு வயித்துல எடமில்ல. நீ உன் வேலையப் பாரு."

கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "மிஸ், ஒண்ணு கொறையுது" என்று வந்து சொல்வாள் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் கதவருகே வந்து, "என்ன, பாத்தீங்களா?" என்றார். "கொறையறதையே கவனிக்கல டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பிறகு வித்தை காட்டுகிறவள்போலப் பச்சைத் தம்ளரை வெளியே எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்கதான் எடுத்தீங்களா மிஸ்?"

"சும்மா, விளையாட்டுக்கு."

"நான் தொலைச்சிட்டேன்னு நெனச்சேன்."

பால் ஊற்றிக் கொடுத்தேன். பாதியிலேயே வைத்துவிட்டாள்.

தம்ளர்களைக் கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. குறைவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தொலைத்தது தான்தான் என்று நினைத்து, தன் பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறாள். நானோ "ஒண்ணு கொறையுது" என்ற ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

வீட்டுக்குப் போகும் நேரத்தில் அவள் அம்மா தயங்கித் தயங்கி வந்தார். "மிஸ், நாளைலேந்து தம்ளர் வேலை வேணாங்கறா. எதாவது ஒடச்சிட்டாளா?"

"இல்லக்கா. அவ ஒண்ணும் பண்ணல."

நான்தான் பண்ணினேன் என்பது தொண்டை வரை வந்தது. பின்னால் மற்ற பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். விழுங்கிவிட்டேன்.

பெரிய டீச்சரிடம் மட்டும் போய் நடந்ததைச் சொல்லி, காலையில் சொன்னது தப்பு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காலைல ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சா? நாளைக்குப் பால் நேரத்துல நானே வந்து பாக்கறேன். அது தம்ளர் வைக்கட்டும்."

வைத்தால்தானே.

மாலை வகுப்பில், பாடம் பலித்ததா என்று கேட்டார்கள். "ஒரு பிள்ளை பாலைப் பாதியோட வச்சிட்டா" என்றேன். பக்கத்து பெஞ்சில் சிரித்தார்கள்.

நாளை: பச்சைத் தம்ளரையும் சேர்த்து எல்லாவற்றையும் அலமாரியில் வைக்க வேண்டும். மணி அடிக்கும் முன்பே கட்டெறும்பிடம், எடுத்தது நான், நீ எதையும் தொலைக்கவில்லை என்று, பஞ்சாயத்தின் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். தம்ளர் வைக்கிறாயா என்று ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் நானே வைத்துவிட்டு, அவள் ஏன் வைக்கவில்லை என்பதைப் பெரிய டீச்சரிடம் சொல்ல வேண்டும்.