பிசிறு பார்க்கும் விரல்

பேங்கிலிருந்து ஓய்வு பெற்றதும் கீழ்க்கட்டளை வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு பட்டறை போட்டேன். குனிந்துதான் நுழைய வேண்டும். ஆனால் அதற்குள் கப்பலே கட்டலாம் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பக்கத்து வீட்டு சாம்பசிவன், "மொதல்ல உங்க கேட்டை ஒழுங்கா மூட வைங்க சார்" என்பார்.

தொண்ணூற்று நான்கு சித்திரையில் சமையலறைக்கு ஒரு தொங்கும் அலமாரி செய்தேன். கூரையிலிருந்து நான்கு திரெட் ராடுகளில், அதாவது நீளம் முழுக்க மரை போட்ட இரும்புக் கம்பிகளில், தொங்கும். யானை ஏறி ஊறுகாய் ஜாடியை எடுத்தாலும் அசையாது. ராடை அறுத்தால் முனையில் பிளேடு மாதிரி பிசிறு நிற்கும். நட்டு ஏறாது, கையைக் கிழிக்கும். அரத்தைச் சாய்த்துப் பிடித்துச் சுற்றிலும் தேய்க்க வேண்டும். தேய்த்தது போதுமா என்று தீர்ப்புச் சொல்வது என் மனைவி திரிபுரசுந்தரியின் ஆள்காட்டி விரல். அந்த விரலைக் கேட்காமல் தாம்பரத்தில் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்றுகூடக் கிளம்பாது என்பேன். ஒரே முனையை நூறு முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். சில மாதங்களாகத்தான் எல்லாமே முதல் தடவையிலேயே பாஸ். என் கை தேறிவிட்டது என்று சாம்பசிவன் காதில் விழும்படி அறிவித்துவிட்டேன்.

நாலாவது ராடை அறுத்து, வைஸின் பிடியிலேயே விட்டு அரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளே வந்து முனையைத் தடவினாள்.

"மழமழன்னு இருக்குங்க."

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விரலிலிருந்து ரத்தம் ராடின் மரையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துத்தான் அவளும் குனிந்து பார்த்தாள்.

அவளுக்குச் சர்க்கரை பத்து வருஷமாக உண்டு. கால் மரத்துப்போகிறது என்று சொல்லியிருக்கிறாள். விரலைப் பற்றிச் சொன்னதில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னாலிருந்தே என்றாள்.

"ஏன் சொல்லல?"

"நாள் பூரா இந்தப் பொந்துலயே இருக்கீங்க. என்னைக் கூப்பிடறது இதுக்கு மட்டும்தான்."

கொல்லைக் குழாயில் அவள் கையை நீட்டச் சொன்னேன். மாடித் தொட்டியில் வெயிலில் கிடந்த தண்ணீர்; தெறித்த துளியே என்னைச் சுட்டது.

"சுடுதாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"ஐஸ் மாதிரி இருக்கு."

"சித்திரையிலயா?"

"ஊட்டியிலேர்ந்து நேரா பைப் போட்டிருக்கேன்."

அவள் சிரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை. நான் குழாயை மூடிவிட்டு, பானைத் தண்ணீர் மொண்டு வர உள்ளே போனேன்.