இத்தோவின் பங்கு

என் தங்கை இத்தோவின் முகம் எனக்கு நினைவில்லை. அவளுக்கு இடது கன்னத்தில் மச்சம் இருந்தது என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா போன மாதம் இறந்துவிட்டாள். இனி கேட்க ஆளில்லை. என்னிடம் மிஞ்சியிருப்பதை எழுதிவைக்கிறேன்.

1974 அக்டோபரில் மலைமேல் இருந்த பெண்கள் விடுதிப் பள்ளியில் எங்களைச் சேர்த்தார்கள். எனக்குப் பதினான்கு வயது, அவளுக்குப் பதினொன்று. அப்பா எங்கள் கம்பளிகளைக் கோவேறு கழுதையிலிருந்து இறக்கிவிட்டு, உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போனார்.

விடுதியைப் பார்த்துக்கொண்டவள் லல்லா மிமூனா. புதிதாக வந்தவர்களை வரிசையில் நிறுத்தி அவள் சொன்னது இவ்வளவுதான்:

"இங்க ரெண்டே சட்டம். உன் பங்க யாருக்கும் குடுக்காத. யார் பங்கையும் எடுக்காத. மத்ததெல்லாம் பள்ளிக்கூடத்துச் சட்டம், மீறுனா அடி விழும், அதோட சரி."

வெள்ளிக்கிழமைகளில் குஸ்குஸ், ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை. சஹன் என்ற பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி எட்டுப் பேர். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் உண்ணவேண்டும். உடம்பு சரியில்லாதவளின் பங்கைத் தட்டில் எடுத்து மூடிவைக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் வீட்டிலும் உள்ள பழக்கம்தான். ஜன்னல் திட்டில் வைக்கும் கிண்ணம் மட்டும் வேறு. யாரும் உட்காருவதற்கு முன்னால் லல்லா அதில் உப்பில்லாத குஸ்குஸை எடுத்துவைப்பாள். இடத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு, கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு. புது வீட்டில் குடிபுகுந்த அன்று அம்மாவும் அப்படி வைத்திருக்கிறாள், ஒரே ஒருமுறை. இங்கே வாராவாரம் வைத்தார்கள். நாங்கள் கை கழுவி வருவதற்குள் கிண்ணம் துடைத்தாற்போல் இருக்கும்.

"பூனையா இருக்கும்" என்றேன்.

எங்கள் சஹனில் மூத்தவள் தூடா, மூன்று வருடமாக அங்கே இருந்தவள். "பூனைய இந்த ஊர்ல நீ பாத்தியாடி?"

"இல்ல."

"அப்ப அதையும் தின்னுட்டாங்க போல."

எல்லோரும் சிரித்தோம். இத்தோவும் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு விக்கல் வருமாம். அம்மா சொன்னது.

இறைச்சி ஆளுக்கு ஒரு துண்டு. இத்தோ என்னை ஒட்டி உட்காருவாள். லல்லா அந்தப் பக்கம் திரும்பியதும், கரண்டியின் நுனியால் தன் துண்டை மெல்ல என் பக்கம் தள்ளுவாள். விருந்தாளிக்கு அம்மா தள்ளுவதுபோலவே.

"சாப்பிடுக்கா. கொழுப்பு எனக்குப் பிடிக்காது."

"சட்டம் இருக்குடி."

"சட்டம் அடுத்தவங்களுக்கு. நீ என்ன அடுத்தவளா?"

நான் சாப்பிட்டேன். எனக்கு எப்போதும் பசி. ஒரு வெள்ளிக்கிழமையும் தப்பவில்லை.

டிசம்பரில் வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். இத்தோ அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ரெண்டு பக்கம் எழுதியிருக்க. என்னப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

"மறந்துட்டேன்டி."

"பக்கத்துலயே உக்காந்திருக்கேன், மறந்துட்டியா? நல்ல அக்காதான் போ."

அவள் அதைக் கேலியாகத்தான் சொன்னாள். நான் கடிதத்தின் ஓரத்தில் 'இத்தோவும் நலம்' என்று சேர்த்தேன்.

ஜனவரியில் பக்கத்துச் சஹனைச் சேர்ந்த யம்னா காய்ச்சலில் படுத்தாள். அன்று ரொட்டி குறைவு. அவளுடைய மூடிய தட்டை மற்ற ஏழு பேரும் திறந்து பிரித்துக்கொண்டார்கள். மறுநாள் காலையில் அவள் கட்டில் மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தது. வருகைப் பதிவில் அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் ஆசிரியை மூச்சுக்கூட விடாமல் அடுத்த பெயருக்குப் போனாள்.

அந்த ஏழு பேரில் ஒருத்தியிடம் கேட்டேன்: "யம்னா எங்கடி?"

"எந்த யம்னா?"

அவள் நடிக்கவில்லை. அது அவள் முகத்தில் தெரிந்தது.

தூடா என்னைத் தண்ணீர்க் குழாயருகே இழுத்துக்கொண்டு போனாள். "இனிமே யாருகிட்டயும் கேக்காத. பங்கு இல்லாதவள இடத்துக்குச் சொந்தக்காரங்க எடுத்துக்குவாங்க. பங்கத் தின்னவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. நமக்கு இருக்கு, ஏன்னா நாம திங்கல. அவ்வளவுதான்."

பிப்ரவரியில் பனி பாதையை அடைத்தது. தேவதாரு மரங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாவு பாதியானது. அந்த வாரத்தில்தான் இத்தோ படுத்தாள்.

மூன்று நாள் அவள் தட்டை மடியில் வைத்துக் காத்தபடி என் பங்கை உண்டேன். என் சஹனில் இருந்தவர்கள் என் எதிரிகள் இல்லை. பசித்தவர்கள்.

"உன் தங்கச்சி ரெண்டு வாய்க்கு மேல திங்க மாட்டா. மிச்சத்த எங்களுக்குக் குடுத்தா என்னடி?"

"தொட்டா கரண்டியால கண்ணத் தோண்டிருவேன்."

"பாருங்கடி, முட்டைமேல உக்காந்த கோழி!"

"கொத்துற கோழி" என்றேன். தூடா மட்டும் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. தட்டை நோயறைக்குக் கொண்டுபோனேன். இத்தோ இரண்டு வாய் உண்டாள். பிறகு கரண்டி நுனியால் இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுக்கா."

"மாட்டேன். இது உன்னோடது. நாலு நாளா இதுக்காக எல்லார்கிட்டயும் சண்டை போடுறேன், தெரியுமா?"

"நீ ரொம்ப இளைச்சுட்ட."

துண்டை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன். தட்டை மூடி அவள் தலைமாட்டில் வைத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் லல்லா மிமூனா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி எப்படி இருக்கா?"

"தேறிடுவா லல்லா. அவ பங்க யாரையும் தொட விடல."

லல்லா மடிப்பதை நிறுத்தினாள். "அவ கன்னத்துல ஒரு மச்சம் இருக்கே. எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. மச்சம் உண்டு என்பதே தெரியவில்லை. இப்போதுதான் அந்த அறையிலிருந்து வந்தேன். அவளுடைய கை நினைவிருந்தது, கரண்டி நினைவிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் தலையணைதான் இருந்தது.

"அக்டோபர்லருந்து ஒவ்வொரு வெள்ளியும் தள்ளுனா. நீயும் தின்ன" என்றாள் லல்லா. "நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் தடுக்கல?"

"தடுத்திருந்தா இடத்துக்குச் சொந்தக்காரங்க வேற யாரையாவது கேப்பாங்க." மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தானா குடுக்குறவ கிடைச்சா மத்தவங்க பொழைப்பாங்க."

ஓடினேன். கட்டில் மடித்திருந்தது. தலைமாட்டில் இருந்த தட்டு ஜன்னல் திட்டுக்கு வந்திருந்தது. மூடியைத் தூக்கினேன். துடைத்தாற்போல் இருந்தது.

மார்ச்சில் பாதை திறந்ததும் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். தலைமை ஆசிரியர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ஒரே பொண்ணுதாம்மா சேத்தீங்க. பாருங்க."

அம்மா எங்கள் இருவர் பிறப்பும் பதிந்த குடும்பப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "நான் ரெண்டு பெத்தேன்" என்றாள். காவலர்கள் இரண்டு நாள் காட்டில் தேடினார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அடிக்கவும் இல்லை.

"எத்தனை துண்டு இருக்கும்?"

"எண்ணலம்மா."

அதன்பிறகு நாற்பது வருடத்துக்கு மேல், ஒவ்வொரு வெள்ளியும் அம்மா சஹனில் இத்தோவின் பங்கைத் தன் இடது பக்கம் ஒதுக்கினாள். மாலையில் அதை அத்திமரத்தடியில் புதைப்பாள். நாய்கூடத் தொட விடமாட்டாள். ஒதுக்கும்போதெல்லாம் இத்தோவைப் பற்றி எனக்கு ஒன்று சொல்வாள். மச்சம். விக்கல். ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்தது. நான் கேட்டுக்கொள்வேன், யாரோ ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல.

அவள் உருவத்தில் எனக்கென்று சொந்தமாக மிஞ்சியது ஒரு கை. அது என் பக்கம் துண்டைத் தள்ளும் கை.

அம்மாவுக்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் சமைத்தேன். சஹனில் இருவருக்குமாக வைத்து, இறைச்சித் துண்டை இத்தோவின் பக்கம் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்தேன். துண்டு என் பக்கம் இருந்தது. குஸ்குஸில் கரண்டி நுனி இழுத்த கோடும் இருந்தது.

அது அவளா, அவளை எடுத்துக்கொண்டவர்களா என்று எனக்குத் தெரியாது. அதைத் தின்றால் அந்தக் கையும் போய்விடும் என்பது தெரியும்.

திருப்பித் தள்ளினேன். நேற்றோடு நான்காவது வெள்ளி.