பூவம்மாள் கண் திறந்த படம்

பூவம்மாள் அழகி. சும்மா சொல்லக்கூடாது, ஊரே ஒத்துக்கொண்ட விஷயம் அது. ஆனால் அவள் புருஷன் வைரக்கண்ணு எடுத்த படங்களைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். குவைத்திலிருந்து வாங்கி வந்த கேமராவில் இந்த லீவுக்குள் இரண்டு ஃபிலிம் ரோல் தீர்த்துவிட்டான். அத்தனையிலும் அவள் கண்ணை இடுக்கி, வயலில் மாடு புகுந்ததைப் பார்த்தவள் போலவே நின்றாள்.

போன தடவை கொண்டுபோன படமும் இதே லட்சணம்தான். "வீட்டம்மா இந்த முறைப்பு முறைக்கிறாங்களே, என்னய்யா செஞ்சே?" என்று குவைத்தில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த எட்டுப் பேரும் இரண்டு வருஷம் அவனை ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். நாளை மறுநாள் விமானம். அவள் கண் திறந்திருக்கிற படம் ஒன்றாவது கையில் இல்லாமல் ஏறுவதில்லை என்று வைரக்கண்ணு ஒற்றைக்காலில் நின்றான்.

நீடாமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஹாஜா மைதீன் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார்.

"எப்ப எடுத்தே தம்பி?"

"காலையில ஏழு மணிக்கு பாய். கிழக்க பாக்க நிறுத்தி."

"மூஞ்சிக்கு நேரா சூரியனை வச்சுட்டுக் கண்ணைத் திறன்னா எப்படித் திறக்கும்? வெயிலை அந்தப் பொண்ணு முதுகுப் பக்கம் வை. நீ வெள்ளை வேட்டி சட்டையோட மூணு முழம் தள்ளி நில்லு. உன் மேல விழுற வெளிச்சமே திரும்பி அது மூஞ்சிக்குப் போவும். லென்ஸுக்கு மேல ஒரு கையைக் குடை மாதிரி புடிச்சுக்க."

வைரக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. கல்யாண மணையில் உட்கார்ந்தது கிழக்கு பார்த்து, நடவுக்கு முதல் நாற்று முடி எடுத்து வைப்பது கிழக்கு பார்த்து. கடல் தாண்டிப் போகிற நேரத்தில் பெண்டாட்டியை மேற்கே திருப்பி நிறுத்துவதா? வீட்டுக்கு வந்து புலம்பினான். பூவம்மாள் அரிசி களைந்த கையை உதறினாள்.

"சாயங்காலமா எடுங்களேன். அப்ப கிழக்க பாத்து நின்னா வெயில் முதுகுலதானே அடிக்கும்?"

அட, இவ்வளவுதானே. இது தன் மண்டைக்கு எட்டவில்லையே என்று அவனுக்கே வெட்கமாகப் போயிற்று.

நாலரை மணிக்கு வரப்பில் நிறுத்தினான். பின்னால் முற்றிய சம்பாக் கதிர், அதற்கு மேல் சாய்ந்த சூரியன். அவள் தலையைச் சுற்றிப் பறந்த முடியெல்லாம் பளபளத்தது. காதுமடல் வெயில் ஊடுருவிச் சிவந்து தெரிந்தது. முகத்தில் மட்டும் இதமான வெளிச்சம். இப்போது வெயில் அவன் கண்ணில் அடித்தது.

"இப்ப நீங்க முறைக்கிறீங்க," என்று அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவனை நேராகப் பார்த்தாள். அப்போது அழுத்தினான்.

மறுநாள் மதியம் தஞ்சாவூரில் பிரிண்ட் போட்டு வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்தவன் படத்தைக் கையில் வாங்கியதும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருந்தன. போகாதீங்க என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. படத்தில் அது அப்படியே இருந்தது.

"நல்லா வரலையா?" என்றாள் பூவம்மாள்.

"நல்லா வந்திருக்கு."

"அப்புறம் என்ன? ரூம்ல காட்டுங்க, வாயை மூடிப்பாங்க."

"காட்டமாட்டேன்," என்றான். "முறைச்ச படம்னா சமாளிச்சுடுவேன் பூவு. இதை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் நான் எப்படி அங்க இருப்பேன்?"