கிளியம்மாளுக்கு ஒரு மௌன அஞ்சலி

"அக்கா, உன் போட்டோவுக்கு மாலை போட்டு வெளக்கு ஏத்தி வெச்சிக்கீறாங்க. நீ இன்னாடான்னா இங்க குந்திகினு கீரை ஆஞ்சிகினு கீற!"

தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து மூச்சிரைக்க வந்து செல்வமேரி சொன்னபோது கிளியம்மாளுக்குச் சிரிப்புதான் வந்தது. மாடம்பாக்கத்தில் அவள் வீட்டின் பின்பக்கம் குடியிருப்பவள் செல்வமேரி. எதையும் இரண்டு மடங்காக்கிச் சொல்கிறவள். ஆனால் ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், மறைந்த திரைக் கலைஞர்கள் வரிசையில், ஏழுகல் மூக்குத்தியோடு இருக்கிறாய் என்று அடையாளம் சொன்னதும் சிரிப்பு நின்றது.

கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள். பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்தாள். பவுடர் பூசினாள், மை தீட்டினாள்.

"சாவுக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியாக்கா?"

"என் சாவுக்கு நான் கசங்கின பொடவையிலயா போவேன்? வாடி, பஸ்ஸு பூடும்."

பஸ்ஸில் கிளியம்மாளுக்குப் பழசெல்லாம் நினைவுக்கு வந்தது. படம் பேசத் தொடங்கிய புதிதில் நடிக்கப் போனவள் அவள். அப்போதெல்லாம் நடித்துக்கொண்டேதான் பாட வேண்டும். மரக்கிளையில் மைக்கைக் கட்டுவார்கள். புதருக்குப் பின்னால் ஆர்மோனியக்காரர் ஒளிந்திருப்பார். காக்கை கத்தினால் மறுபடி முதலிலிருந்து. காக்கை விரட்டவே ஓர் ஆளுக்குச் சம்பளம். குதிரைமேல் பாடினாள், கழுத்தளவுத் தண்ணீரில் நின்று பாடினாள். பிறகு ஒருநாள் பட முதலாளி வேறொரு பெண்ணைப் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு, "நீ வாயை அசைத்தால் போதும்" என்றார். "வாய் மட்டும் வேணும்னா பொம்மை வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு, முகத்துச் சாயத்தைக்கூடக் கலைக்காமல் ரயிலேறி வந்துவிட்டாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. அவளும் போய் நிற்கவில்லை. நிற்காதவளைச் செத்தவளாக்கிவிட்டார்கள்.

மண்டபத்தில் நேராகப் படங்களிடம் போய்த் தன் மாலையில் கை வைத்தாள். விழாச் செயலாளர் சாம்பசிவன் பதறி ஓடிவந்தார்.

"தொடாதீங்கம்மா! அவங்க பழைய ஆக்ட்ரஸ். காலமாகி ரொம்ப வருஷம் ஆச்சு."

"எனக்குத் தெரியாம எப்போ சார் போனேன்?"

அவர் படத்தைப் பார்த்தார்; அவள் மூக்குத்தியைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"மேடம், சாரி, பெரிய மிஸ்டேக். ஆனா சீஃப் கெஸ்ட் வந்துட்டார். இப்ப எடுத்தா நடுவுல காலியாத் தெரியும். அஞ்சலி முடியட்டும், உடனே உங்களுக்குப் பொன்னாடை போத்திடறோம்."

"தோ பாரு சார்," என்றாள் செல்வமேரி, "இது இன்னும் சாவல. காலைலகூட என்னாண்ட தண்ணிக்கு சண்டை போட்ச்சு."

அதற்குள் மைக்கில் பெயர்களைப் படித்து, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்கள். கிளியம்மாள் பெயரும் வந்தது. மண்டபமே தலை குனிந்தது. பழக்கத்தில் அவளும் குனிந்துவிட்டாள். யாருக்காகக் குனிகிறோம் என்று உறைத்ததும் தலை தானாக நிமிர்ந்தது.

பாடத் தொடங்கினாள்.

அன்று தண்ணீரில் நின்று பாடிய பாட்டு. முதல் அடியில் குரல் சற்றுக் கரகரத்தது. "உஷ்" என்றார் ஒருவர். அடுத்த அடியில் அந்த உஷ் காணாமல் போயிற்று. யாரோ மைக்கை நீட்ட, புறங்கையால் தள்ளினாள். டைரக்டர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது என்று பழகியவள். இங்கே நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அத்தனை சரணத்தையும் பாடினாள். உட்காரலாமா என்று தெரியாமல் எல்லோரும் நின்றுகொண்டே கேட்டார்கள்.

முடிந்ததும் தன் படத்திலிருந்து மாலையைக் கழற்றினாள். இரண்டு படம் தள்ளி, வாயசைக்கச் சொன்ன அந்தப் பட முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் அதையும் சேர்த்துப் போட்டாள்.

"இவரு நெஜமாவே பூட்டாரு இல்ல? இவருக்கு ரெண்டா இருக்கட்டும்."

தன் படத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். பொன்னாடையைப் பிரித்தபடி பின்னாலேயே ஓடிவந்தார் சாம்பசிவன். அவள் திரும்பவில்லை.