ஒட்டுநாடாவில் சிக்கிய பேய்

நான் ஒரு பேயைப் பிடித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது போட்ட முட்டைகளை எண்ணியிருக்கிறேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு. முப்பத்தெட்டு வருஷம் லேப்பில் உட்கார்ந்தவள், எண்ணிக்கையில் தப்புவேனா?

பேய் குடியிருந்தது ஒரு மூன்றாவது மாடி வீட்டில். முன்பு அங்கிருந்த தையல்காரி உள்ளறையில்தான் செத்துப்போனாள். புதிதாக வந்தவர்களின் ஆறு வயதுக் குட்டி இரண்டாம் மாதமே தூக்கத்தில் வீறிட ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து, கால்களை இறுக்கிக்கொண்டு, "வந்துட்டாங்க, நடக்கறாங்க" என்று சுவரைப் பார்த்து அழும். விளக்கைப் போட்டால் சுவர்தான் இருக்கும்.

அப்பாவின் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள். வீட்டிலிருந்த கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடினாள். குட்டியைத் தன் பக்கத்திலேயே படுக்கவைத்து, விடியுமுன் எழுப்பிக் கிருமிநாசினி ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கடைசியில் தீர்ப்பும் சொன்னாள்: "சனிக்கிழமை பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். அங்கயே படிக்கட்டும்." தம்பிக்காரன் தலையாட்டினான். பெற்றவளை யாரும் கேட்கவில்லை.

பெற்றவள் வேறொரு காரணத்துக்காக எங்கள் டாக்டரம்மாவிடம் வந்தாள். குட்டிக்குச் சிறுநீர் போனால் எரிச்சல். பிறப்புறுப்பைச் சுற்றிச் சிவந்து கிடந்தது.

"சின்னப் பொண்ணுங்களுக்கு சகஜமா வர்ற அழற்சிதான்மா, பயப்படாதே. ராத்திரி அழறாளா? அப்ப கீரிப்பூச்சியா இருக்கும். பின்பக்கமா வெளிய வந்து முட்டை போடும், முன்பக்கமும் ஊர்ந்து போயிடும். டேப் வெச்சுப் பாத்துடலாம்."

ஆசனவாய் ஓரத்தில் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்துப் பார்க்கும் வேலை என்னுடையது. இரண்டு நாள் பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை.

அத்தை ஜெயித்த முகத்தோடு நின்றாள். "பூச்சியாம் பூச்சி! நான் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வர்ற பிள்ளைக்கு ஏது பூச்சி?"

லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினேன். "குளிப்பாட்டிட்டா கூட்டிட்டு வர்றீங்க?"

"பின்ன? அழுக்கோடயா ஆஸ்பத்திரிக்கு வருவாங்க?"

முட்டையெல்லாம் தினமும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. குளிக்காமல் வரச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. இதை டாக்டரம்மாவிடம் இன்றுவரை மூச்சுவிடவில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் நானே போனேன். மூன்று மாடிதான், என் முழங்கால் கணக்கில் தொள்ளாயிரம் படி. வீட்டுக்குள் துணி மூடிய கண்ணாடிகள் முகமில்லாத ஆட்களைப்போல வரிசையாக நின்றன. உள்ளறையின் குளிர் எலும்புவரை இறங்கியது. அத்தை கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். குட்டி பாதிக் கண் திறந்தபடி தூங்கியது. யாரோ என் பின்கழுத்தில் மூச்சுவிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன், குட்டியின் அம்மாதான். "சீக்கிரம்க்கா," என்றாள். அவளே டேப்பை ஒற்றியெடுத்துத் தந்தாள்.

லேப்புக்கு ஓடினேன். லென்ஸின் அடியில் இருந்தன, ஒரு பக்கம் தட்டையான கண்ணாடி மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ ஒன்று சுருண்டுகிடந்தது. அந்தப் பேயைவிட இதைப் பார்த்துத்தான் எனக்குப் புல்லரித்தது.

போன் பண்ணி எல்லோரையும் வரச் சொன்னேன். பெட்டியும் கையுமாக வந்த அத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "தூசி," என்றாள்.

டாக்டரம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "வீட்ல எல்லாரும் இன்னிக்கு ஒரு மாத்திரை, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. நகத்தை ஒட்ட வெட்டுங்க. போர்வை, துணியெல்லாம் வெந்நீர்ல துவைங்க. அந்த இடத்துல கிருமிநாசினி கூடவே கூடாது. எரிச்சலை அதுதான் ஏத்திவிட்டிருக்கு. வெறும் தண்ணி போதும்."

"எனக்கெதுக்கு மாத்திரை?"

"குட்டிகூட ஒரே மெத்தையில படுக்கறது யாரு?" என்றேன் நான்.

டாக்டரம்மா வெளியே போனதும் அத்தை லேப் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்மா... ஒரு வாரமா ராத்திரியில எனக்கும் ஏதோ ஊர்ந்து நடக்குது. அந்தத் தையல்காரி என்னையும் பிடிச்சிட்டான்னு நெனச்சேன். யார்கிட்ட சொல்வேன்? அவகிட்டேருந்து தப்பிக்கத்தான் பிள்ளையையும் தூக்கிட்டு ஓடப் பாத்தேன்."

மாத்திரையை நீட்டினேன். தண்ணீர்கூட இல்லாமல் மென்று விழுங்கினாள்.

வெளியே குட்டியைக் கட்டிப்பிடித்தபடி அம்மா நின்றாள். "அண்ணி, வண்டி வந்துடுச்சு," என்றாள்.

அத்தை பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"பிள்ளை உன்கிட்டயே இருக்கட்டும்டி. அந்த லேப்காரி பாத்தது நெசந்தான். பேயைப் பிடிச்சிட்டா."